மூன்று தட்டல்

அந்த ஆளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. "கச்சிதம் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ச் செருப்புக் கடை வாசலில் விடுவார்கள். அங்கே அவன் விற்பனையாளன். காலை நீட்டுகிறவர் யாராக இருந்தாலும் குனிந்து ஷூவை மாட்டுவான், நுனியைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவான், நிமிர்ந்து முகமெல்லாம் பல்லாக "கச்சிதம்!" என்பான். பெருவிரல் உள்ளே மடங்கிக் கிடந்தாலும் கச்சிதம். குதிகாலுக்குப் பின்னால் இன்னொரு குதிகால் வைக்க இடமிருந்தாலும் கச்சிதம். வாங்குகிறவர் லேசாக முகம் சுளித்தால், "போட்டுப் போட்டுப் பழகிடும் சார்" என்று அடுத்ததை எடுத்து விடுவான்.

உடனே ஏமாற்றுக்காரன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கட்டைவிரலுக்குப் பொய்யே தெரியாது. தோலுக்கு அடியில் விரல் எங்கே முட்டுகிறது, எங்கே தவிக்கிறது என்று ஓர் அழுத்தில் அதற்குத் தெரிந்துவிடும். நாக்குதான் வேறு கட்சி. எதிரே இருப்பவர் முகம் வாடினால் இவனுக்குத் தாங்காது. சரியில்லை என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்வதைவிட ஓடிப் போய் ஒளிந்துகொள்வது மேல் என்று நினைக்கிற பிறவி. வீட்டிலும் அப்படித்தான், உப்பே போடாத சாம்பாருக்கும் ஒரு கச்சிதம் உண்டு.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் லிஃப்ட் மெக்கானிக். சுற்று வட்டார அடுக்குமாடிகளில் எல்லோரும் அவளை லிஃப்டம்மா என்பார்கள். ஒரு நாளைக்கு அவள் பேசுகிற வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதில் பாதி "தேஞ்சிருக்கு" என்றும் மீதி "மாத்தணும்" என்றும் இருக்கும். "பரவாயில்ல, ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்புறம் சொன்னவர்தான் பின்னாலேயே படியிறங்கி ஓட வேண்டும்.

அவள் புருஷனோ தங்கையின் நாலாம் மாடி வீட்டுக்குப் போனால்கூடப் படியேறித்தான் போவான். "உடம்புக்கு நல்லது" என்பான். உடம்பாவது, நல்லதாவது! தரையை விட்டுக் கால் ஓர் அடி எழும்பினால் பக்கத்தில் எது இருந்தாலும் கட்டிப் பிடித்துக்கொள்வான். நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றுவதற்கும் அவளைத்தான் கூப்பிடுவான்.

அந்த வீட்டில்தான் விமானம் கட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? கட்டினார்கள். ஞாயிறுதோறும் பறக்கும் கிளப்புக்குப் போய் முறையாகக் கற்று லைசென்ஸ் வாங்கினாள் லிஃப்டம்மா. "வாழ்க்கை பூரா கயிறு கட்டின பெட்டியிலயே மேல கீழ போயாச்சு. ஒரு தடவை கயிறு இல்லாம போகணும்" என்றாள். அவள் அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசியதே அன்றைக்குத்தான். வரைபடம் வந்தது, அலுமினியத் தகடுகள் வந்தன, சீட்டு வைத்த உடல் கூடு தயாராகவே வந்தது, வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டிலிருந்து கார் வெளியேறி வெயிலில் நின்றது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். இரண்டாவது சீட் யாருக்கு என்று புருஷனைப் பார்த்தாள். அவன் பார்வை உத்தரத்துக்குப் போய்விட்டது. "சரி, எடை சமமா இருக்கணும். மணல் மூட்டை வெச்சுக்கறேன்" என்றாள். அன்றே ஒரு மூட்டையைத் தைத்து, சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் வேலையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். தகட்டை வெட்டியதும் ஓரத்தைத் தேய்ப்பாள், மறுபடி தேய்ப்பாள், கன்னத்தை வைத்து இழுத்தாலும் கீறாது என்று ஆகும் வரை விடமாட்டாள். துளை போட்டால் ஒவ்வொரு துளையின் வாயிலும் நிற்கும் பிசிறை வழித்தெடுப்பாள். அப்புறம் துளைக்கொன்றாக ஸ்பிரிங் கவ்வியை மாட்டித் தகடுகளை இறுக்கி நிறுத்துவாள். ஆணி அடிக்க அடிக்க ஒவ்வொரு கவ்வியாகக் கழற்ற வேண்டும். செம்பு நிறத்தில் வரிசையாக அவை நிற்பதைப் பார்த்துவிட்டுக் கச்சிதம் வாயைப் பிளந்து, "கச்சிதம்!" என்றான். அவன் வாழ்க்கையில் உண்மையாகவே கச்சிதமாக இருந்த ஒன்றைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னது அன்றைக்குத்தான்.

இனி ரிவெட் அடிக்கிற கதைக்கு வருவோம். ரிவெட் என்பது தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் இருக்கிற சின்ன ஆணி. துளையில் செருகினால் தலை வெளியே நிற்கும், வால் இறக்கைக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே நிற்பவர் காற்றில் ஓடும் துப்பாக்கியைத் தலையில் வைத்து டர்ர்ர் என்று அடிப்பார். உள்ளே கையை விட்டிருப்பவர் ஒரு கனமான இரும்புக் கட்டியை வாலுக்கு முட்டுக் கொடுத்துப் பிடிப்பார். அடிக்கும் முட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வால் நசுங்கிச் சட்டைப் பொத்தான்போல் பரவும். அந்தப் பொத்தான்தான் இரண்டு தகடுகளையும் விடாமல் பிடிக்கிறது. ஆணியின் தடிமன்போல் ஒன்றரை மடங்கு அகலம், பாதி தடிமன் உயரம், அதுதான் கணக்கு. குறைந்தால் பிடிக்காது. கூடினால் ஆணி விறைத்து வெடிக்கும். கட்டி சாய்ந்தால் பொத்தானும் சாய்ந்து படுத்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடிப்பவருக்குப் பொத்தான் தெரியாது. நடுவில் தகடு. உள்ளே இருப்பவருக்கும் தெரியாது, இறக்கைக்குள் குறுக்கே விலா எலும்புபோல் நிற்கிற விலாத் தகட்டின் வட்ட ஓட்டை வழியாகத் தோள் வரை கை போயிருக்கும், முகம் வெளியே இருக்கும். விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இவனுடைய கட்டைவிரலைக் கேட்டாள் லிஃப்டம்மா. கடையில் அவன் ஷூ நுனியை அழுத்துவதை ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தக் கை எனக்கு வேணும்" என்றாள். கல்யாணத்தின்போதுகூட அவள் அப்படிக் கேட்டதில்லை.

இரும்புக் கட்டிக்கு அவன் குட்டி என்று பெயர் வைத்தான். காதில் அடைப்பான் மாட்டிக்கொண்டு பேச முடியாது என்பதால் தட்டல் பாஷை ஒன்றை அவள் சொல்லிக் கொடுத்தாள். ஆணி அடித்து முடிந்ததும் பொத்தானைத் தடவிப் பார்த்துவிட்டுக் குட்டியால் தகட்டில் தட்ட வேண்டும். ஒரு தட்டல் என்றால், போதாது, இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு தட்டல் என்றால், நன்றாக இருக்கிறது, அடுத்ததுக்குப் போ. மூன்று தட்டல் என்றால், கெட்டுவிட்டது, குடைந்து எடு.

விமானத்தின் வால் பகுதியை முதலில் கட்டினார்கள். அது சின்னது, இரண்டு பக்கமும் அவள் கண்ணுக்கே தெரியும். அப்புறம் இடது இறக்கையை மரச் சட்டத்தில் செங்குத்தாக நிறுத்தினார்கள். ஆரம்பத்தில் அவன் தட்டுகிற ஒவ்வொன்றையும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுச் சரிபார்த்தாள். அத்தனையும் சொன்னபடி இருந்தது. கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டாள். டர்ர்ர், தட் தட். டர்ர்ர், தட். டர்ர், தட் தட். அப்படியே ஓடியது வேலை. தகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்டாட்டியின் கை ஆடாமல், அவசரப்படாமல் அடிக்கிற தாளத்தைத் தோள்பட்டையில் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பதில் அவனுக்கு அப்படி ஒரு சுகம். 'எவ்வளவு பெரிய ஆள் இவ! நம்ம வீட்ல வந்து மாட்டிக்கிட்டாளே' என்று நினைத்துக்கொள்வான்.

ஒரு சனிக்கிழமை மாலை, உள்ளே ஒயர் ஓடவேண்டிய பாதையைப் பார்க்கக் கண்ணாடியை விட்டாள். விட்டவள் எடுக்கவில்லை. டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரே வரிசையில் மூன்று பொத்தான்கள் சாய்ந்து படுத்திருந்தன.

"ஏங்க, இங்க வாங்க. இது மூணையும் பாருங்க."

பார்த்தான். பார்க்கவே தேவையில்லை, அவன் விரலுக்கு அந்த மூன்றையும் நன்றாக ஞாபகம் இருந்தது.

"ரெண்டு தட்டுனீங்க."

"ஆமா... அன்னைக்கு நீ ரொம்ப சந்தோஷமா அடிச்சுட்டு இருந்தியா, நடுவுல எதுக்கு உன் மூடைக் கெடுக்கணும்னு... லேசாத்தானே சாஞ்சிருக்கு. போகப் போக..."

"போகப் போக?"

அவன் குட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"போகப் போகப் பழகிடுமா? இது ஷூ இல்லைங்க. நான் இது மேல உக்காந்து போறேன்." அவள் குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. "இவ்வளவு ஆணி அடிச்சிருக்கோம். நீங்க ஒரு தடவைகூட மூணு தட்டுனதில்ல. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என் கை அவ்வளவு நல்ல கைன்னு நினைச்சேன்."

அவ்வளவுதான். அவன் கையிலிருந்த குட்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

அடி வாங்கியவன்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டான். திட்டு வாங்கியதற்காக வருத்தமில்லை. அவள் தன் கையைப் பற்றிப் பெருமைப்பட்டிருக்கிறாள், அந்தப் பெருமையில் தான் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்றுதான் உறுத்தியது. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அவள் மேலே போவாள், நிச்சயம் போவாள், எந்த ஆணி உண்மை, எந்த ஆணி பொய் என்று தெரியாத இறக்கையோடு போவாள். சங்கத்து ஆய்வாளர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கத்திலிருந்து வருகிற அவர் உள்ளே பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் இறக்கையை மூடலாம்.

மறுநாளே தன் தம்பியை வரச் சொன்னாள் லிஃப்டம்மா. தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடை சரியாக இருந்தாலும் கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று அரை மார்க் குறைக்கிற ஜாதி. "நீ கவலைப்படாதக்கா, தப்பு இருந்தா என் கண்ணுல இருந்து தப்பாது" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கச்சிதம் ஷெட் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

டர்ர்ர். தட் தட் தட்.

அவள் குடைந்து எடுத்தாள். புதிது அடித்தாள். தட் தட் தட். அதையும் எடுத்தாள். மூன்றாவதற்கும் தட் தட் தட் வந்தபோது பொத்தானின் அகலமும் உயரமும் பார்க்கிற அளவுத் தகட்டை உள்ளே விட்டுப் பார்த்தாள். பொத்தான் ஒரு மயிரிழை பிசகவில்லை.

"இது என்னடா குறை?"

"அக்கா, வட்டம்னா வட்டமா இருக்க வேணாமா? இந்தப் பக்கம் பாரு, லேசா..."

"இது காம்பஸ்ல போடற வட்டமில்லடா!"

இறக்கையின் நுனிப் பக்கத்தில் நல்ல ஆணிகளைத் தேவையில்லாமல் குடைந்ததில் ஒரு துளை அகன்று போய், பெரிய ஆணி போட வேண்டியதாயிற்று. உலோகச் சுருள்கள் எங்கே பார்த்தாலும் சிதறிக் கிடந்தன. கடைசியில் குட்டியைக் கால் மேல் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடினான் வாத்தியார். "பேப்பர் கட்டு திருத்தறதுக்கு அப்படியே இருக்குக்கா" என்று நொண்டிக்கொண்டே வண்டியை எடுத்தான். வாசலில் நின்ற கச்சிதத்திடம், "மாமா, இந்த வேலைய நீங்க எப்படிச் செய்யறீங்க?" என்றான்.

"தப்பாத்தான் செஞ்சேன் மச்சான்" என்றான் கச்சிதம். இப்படி ஒரு பதிலை அவனிடமிருந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் அவள் கிளம்பிவிட்டாள். கச்சிதம் வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்து பார்த்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி நடந்தான். பிறகு ஷெட்டைத் திறந்து இறக்கைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, விலாத் தகட்டின் ஓட்டைக்குள் கையை விட்டான்.

கட்டைவிரல் முதல் பொத்தானைத் தொட்டது. நல்லது. அடுத்தது. நல்லது. அடுத்தது. அங்கே நாக்கு வழக்கம்போல் ஏதோ சொல்ல வந்தது. ஆனால் ஷெட்டில் வேறு யாரும் இல்லை, வாடுவதற்கு ஒரு முகமும் இல்லை. உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை என்று இடத்தைக் கண்டுபிடித்துச் சிவப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து அந்த ஆணியின் தலையில் ஒட்டினான். அடுத்த வரிசைக்குப் போனான். தோள் சிராய்த்தது, கழுத்து பிடித்துக்கொண்டது, ஒரு விலாவிலிருந்து அடுத்த விலாவுக்கு ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி இறக்கை முழுவதையும் தடவி முடித்தான். எங்கெங்கே பொய்யாகத் தட்டினான் என்று விரலுக்கு முகவரியோடு தெரிந்திருந்தது. சிவப்புத் துண்டுகள் நிறைய ஒன்றும் இல்லை, ஆனால் வெள்ளி நிறத் தகட்டில் அவை பளிச்சென்று தெரிந்தன.

சாயங்காலம் அவள் திரும்பி வந்து பார்த்தாள். கண்ணாடியையும் டார்ச்சையும் அளவுத் தகட்டையும் எடுத்துக்கொண்டாள். சிவப்பு ஒட்டிய ஒவ்வொன்றையும் பார்த்தாள். அத்தனையும் சாய்ந்தது, அல்லது நசுங்காதது, அல்லது ஓரம் வெடித்தது. பிறகு சிவப்பு ஒட்டாதவற்றைப் பார்க்கத் தொடங்கினாள். அங்கொன்று இங்கொன்று என்று பார்த்தால் அவள் லிஃப்டம்மா இல்லையே, எல்லாவற்றையும் பார்த்தாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன்போல நகத்தைக் கடித்தான்.

ஒன்றுகூடத் தவறவில்லை. சிவப்பு இல்லாத ஆணிகளில் ஒன்றுகூடக் கெட்டது இல்லை.

அவள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். கோபத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் அவள் முகம் திண்டாடியது.

"எனக்குக் கண்ணாடி வேணும், லைட்டு வேணும், அளவு வேணும். உங்களுக்கு ஒரு விரல் போதுமா?"

"ம்."

"அடிக்கறப்பவே தெரிஞ்சிருக்கு."

"ம்."

"அட மனுஷா! இப்படி ஒரு கைய வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லியிருக்கீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மேசையிலிருந்த குட்டியை எடுத்து அவன் மடியில் போட்டாள். "விரல் சொல்றதை மட்டும் தட்டுங்க. வாயைக் கேக்காதீங்க. என் மூஞ்சியப் பாக்காதீங்க. நடுவுல தகடு எதுக்கு இருக்கு?"

கெட்ட ஆணிகளை இருவருமாகக் குடைந்து எடுத்தார்கள். அதை அவள் செய்வதைப் பார்க்க வேண்டுமே! தலையின் நட்டநடுவில் துளைமுனையை நிறுத்தித் தலை உயரம் மட்டும் இறக்கி, ஒரு கம்பியால் நெம்பித் தலையைக் கழற்றி, வாலை மெதுவாகத் தட்டித் தள்ளுவாள். துளையில் ஒரு கீறல் விழாது. அவளுடைய கையைப் பற்றி அவள் நினைத்திருந்தது பொய்யே இல்லை என்று கச்சிதத்துக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வாயெடுத்தான். இனி தன் பாராட்டுக்கு என்ன மதிப்பு என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளர் வந்தார். நொண்டிக்கொண்டே வந்தார். பழுப்பு நிறத்தில் பளபளவென்று புது ஷூ. வாசலில் கச்சிதத்தைக் கண்டதும், "நீதானேப்பா பழகிடும்னே" என்றார். இவன் அவசரமாக ஷெட் கதவைத் திறந்துவிட்டான். மச்சானும் வந்திருந்தான், தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வாளர் டார்ச்சை அடித்து உள்ளே எல்லாவற்றையும் பார்த்தார், பார்க்கப் பார்க்க நொண்டுவதை மறந்துவிட்டார். "அடேயப்பா, தொழிற்சாலையிலகூட இப்படி வரிசை பாத்ததில்லம்மா" என்றார். லிஃப்டம்மா தரையைப் பார்த்தாள். கடைசித் தகட்டின் கடைசி வரிசையைத் தன் முன்னால் அடித்து மூடச் சொன்னார் அவர்.

இறக்கையின் நுனிப் பக்க ஓட்டையில் கையை விட்டு உட்கார்ந்தான் கச்சிதம். டர்ர்ர், தட் தட். டர்ர்ர், தட் தட். ஒரு முறை ஒரு தட்டல், இன்னொரு சின்ன டர்ர், தட் தட். கவ்விகள் ஒவ்வொன்றாகக் கழன்று டப்பாவில் விழுந்தன. கடைசி ஆணி. டர்ர்ர். அவ்வளவுதான், முடிந்தது என்று மச்சான் கைதட்டிவிட்டான். தெருவில் நின்றவர்களும் தட்டினார்கள். ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். அவருடைய கால் வீட்டுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தது. லிஃப்டம்மா காது அடைப்பானைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவன் பார்த்ததில் அபூர்வமாக, பல் தெரியச் சிரித்தாள்.

கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. பொத்தான் வட்டமாக இருந்தது, நேராக இருந்தது, உயரமும் சரி. ஆனால் அதைச் சுற்றித் தகடு மட்டமாக உட்காரவில்லை. காகிதத்தைவிட மெல்லிய ஒரு மேடு. இறுக்கமான ஷூவுக்குள் மடித்து வைத்த விரல் தோலை லேசாகத் தூக்கிக் காட்டுமே, அந்த மாதிரி.

இத்தனை பேர் சிரிக்கிறார்கள். அவள் சிரிக்கிறாள், ஐயோ, அவள் சிரிக்கிறாள்! நாக்கு நுனியில் கச்சிதம் வந்து நின்றுவிட்டது. பேசாமல் இரண்டு தட்டினால் தீர்ந்தது, யாருக்குத் தெரியப் போகிறது?

தட். தட்.

ஆய்வாளர் பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

தட்.

பேனா அப்படியே நின்றது. "மாமா, கை தவறிப் பட்டுடுச்சா?" என்றான் மச்சான். ஆய்வாளர் முனகிக்கொண்டே குனிந்து, கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்கு. வட்டமா, நேரா... இதுக்கு மேல என்ன வேணும்?"

லிஃப்டம்மா கண்ணாடியைக் கேட்கவில்லை. அளவுத் தகட்டை எடுக்கவில்லை. அவனிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே போய்த் துளைப்பானை எடுத்து வந்து, தலையின் நடுவில் வைத்துக் குடையத் தொடங்கினாள்.

அவன் உள்ளே கையை வைத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் வார்த்தையை ஒருவர் இப்படி எடுத்துக்கொண்டதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

தலை கழன்றது. வாலைத் தட்டித் தள்ளியதும் அது அவன் உள்ளங்கையில் விழுந்தது. வெளியே எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினான். ஆணியின் உடம்பில், இரண்டு தகடுகளும் சேர்கிற இடத்தில், மெல்லிய வளையம்போல் உலோகம் பிதுங்கியிருந்தது. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் இடைவெளி இருந்திருக்கிறது, ஆணி அங்கே போய்ப் பரவியிருக்கிறது. லிஃப்டம்மா தகட்டின் ஓரத்தை மெல்லப் பிரித்து, இடுக்கியை விட்டு, ஒரு சுருள் பிசிறை எடுத்தாள். நுனிப் பக்கம் தேவையில்லாமல் குடைந்தபோது எகிறி விழுந்து உள்ளே மாட்டிக்கொண்ட பிசிறு. மச்சான் உத்தரத்தில் ஏதோ பல்லி இருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது கண்ணாடிக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்" என்றார் ஆய்வாளர். ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கைப்பா" என்றார்.

துளையைத் துடைத்து, தகடுகளைக் கவ்விகளால் இறுக்கி, புதிய ஆணியை அடித்தாள். டர்ர்ர். கட்டைவிரல் அவசரமில்லாமல் சுற்றி வந்தது. தட் தட். இந்த முறை யாரும் முந்திக்கொண்டு கைதட்டவில்லை. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

போகும்போது, "இந்த ஷூ எப்பப்பா பழகும்?" என்றார். கச்சிதம் அவர் காலடியில் உட்கார்ந்து நுனியை அழுத்தினான். பிறகு ஷூ நுனியில் விரலால் மூன்று தட்டுத் தட்டினான். "பழகாது சார். ஒரு சைஸ் சின்னது. நாளைக்குக் கடைக்கு வாங்க, மாத்தித் தரேன்." ஆய்வாளர் சிரித்த சிரிப்பில் தெருவில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் சாக்ஸோடு காருக்குப் போனார்.

எல்லோரும் போன பிறகு ஷெட்டில் இருவரும் மிஞ்சினார்கள். அவள் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அவன் விமானத்தின் உடல் பக்கம் போய் நின்றான். இரண்டாவது சீட்டில் மணல் மூட்டை பெல்ட் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"அந்த றெக்கை தாங்குமா?" என்று அங்கிருந்தே கேட்டாள் அவள்.

குட்டியால் விமானத்தின் விலாவில் இரண்டு தட்டினான்.

"மேல போக உங்களுக்குப் பயமில்லையே?"

மூன்று தட்டினான். தட்டிவிட்டு நின்றான். பிறகு பெல்ட்டைக் கழற்றி, மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, மூச்சு வாங்கத் தூக்கிக் கீழே இறக்கினான்.

"வலது றெக்கையும் முடிச்சுட்டு, மொதல்ல கொஞ்ச நாள் நான் தனியா ஓட்டிப் பாக்கணும். அப்பல்லாம் அது வேணும்" என்றாள் அவள்.

"ஓட்டிப் பாரு. பாத்து முடிச்சதும் அந்த எடத்துல நான் உக்காந்துக்கறேன்."

அவள் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்து அவன் கையிலிருந்த குட்டியை வாங்கி, அலுமினியத்தில் ஒரே ஒரு முறை தட்டினாள்.

போதாது, இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். அவன் மறுபடியும் சொன்னான்.